பத்தால் வகுத்த பாதாளம்

ஜனவரி 9

என் அருமை மருமகளே, கல் வைத்தியரே, பூமித்தாயின் நாடி பிடிப்பவளே,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா, என் கூடப்பிறந்த அக்கா, அவளும் நம்பமாட்டாள். நான் எழுதும் இந்தப் பேனாவே நம்பாமல் அடிக்கடி மை விட மறுக்கிறது. ஆகவே வலது கையை மேசைமேல் வைத்து, இடது கையால் டீக்கோப்பையை ஆறாமல் பொத்திக்கொண்டு, சகல மரியாதையோடும் வாக்குக் கொடுக்கிறேன்: இதை ஒருவரும் நம்பப்போவதில்லை.

சம்பவ தினத்தன்று, பூமிக்கடியிலிருந்து வெந்நீர் எடுக்க நீ நட்ட துளைக்கோபுரத்தின் பிரேக் கைப்பிடி என் கையில் இருந்தது. கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பால், உன் காதல் கணவனான சுண்ணாம்புக்கல்லைத் துளைமுனை கடித்துக்கொண்டிருந்தது. (உன் சொந்தக் கணவன் இதைப் படித்தால் கோபப்பட வேண்டாம், முன்னவர் வயதில் மூத்தவர்.) பம்பில் ஏதோ வாஷர் போய்விட்டதென்று பையன்கள் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடியிருந்தார்கள். துளைமுனையைத் தாங்கும் ராடு இறங்கும் வேகத்தைக் காகிதத்தில் கோடாகப் போடும் கருவியோ, ஒரு வாரமாக வைத்தியத்துக்குப் போயிருந்தது. நானும் பாறையும் தனியே.

அப்போது விழுந்தது ராடு! மூன்று மாடி உயரம், தொபுக்கடீர் என்று! கோபுரம் ஆடியது. ஊரிலுள்ள நாய்கள் எல்லாம் ஒரே சுதியில் குரைத்தன. துளைக்குள் விடத் தொட்டியில் வைத்திருந்த சேறு மொத்தமும் ஒரே உறிஞ்சில் உள்ளே போய், கீழே பாதாளத்தில் குடியிருப்பவர்கள் தலையில் கொட்டியது. அவர்களில் ஒரு பெரியவர் துளை வழியே அண்ணாந்து, "யோவ், மேல் வீட்டுக்காரரே! தண்ணி விடறதுன்னா சொல்லிட்டு விடுங்கய்யா!" என்று கத்தியது என் இரண்டு காதாலும் கேட்டேன்.

இந்த மாபெரும் கண்டுபிடிப்பை நான் கேன்டீனில், துளைத் திட்டக் கமிட்டிக்காரர்கள் ரொட்டியை சூப்பில் நனைத்துக்கொண்டிருந்த சபையில், முறைப்படி அறிவித்தேன். நீ என்ன செய்தாய்? பெரிய இன்ஜினியர், "என்னம்மா, உங்க மாமா சொல்றது நிஜமா?" என்று கேட்டார். நீ தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அவர் சொல்றதைப் பத்தால வகுத்துக்கணும் சார். மிச்சம் வந்தா அதையும் தள்ளிடணும்" என்றாய்.

சபை சிரித்தது. நானும் சிரித்தேன், பார்த்திருப்பாய். நன்றாகச் சிரித்தேன்.

மறுநாள் என்னைக் கோபுரத்திலிருந்து இறக்கினாய். முப்பது வருஷம் பிரேக் பிடித்த கையில் இப்போது உன் அம்மா காய் நறுக்கும் கத்தியைக் கொடுத்திருக்கிறாள். நீயோ ரயிலேறி உன் ஊருக்குப் போய்விட்டாய், உன் போன் என் எண்ணை ஏற்பதில்லை. ஆகவே தபால்.

இப்படிக்கு,
பாதாளச் சக்கரவர்த்தி, தற்சமயம் வெங்காய இலாகா,
உன் மாமா


ஜனவரி 17

மாமா,

உங்கள் எண்ணை நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். காரணம் கோபம் மட்டும் இல்லை. போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இந்த விஷயத்தில் சிரிக்க எனக்கு விருப்பம் இல்லை.

அந்த வேலைக்கு உங்களைச் சிபாரிசு செய்தது நான். "சொந்தக்காரரைக் கொண்டுவந்து வைக்கிறாள்" என்று பேசினார்கள், பொறுத்துக்கொண்டேன். பிறகு நீங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, "குழாயைத் திறந்தா கொதிதண்ணி வரும், வீட்டுக்கு ஒரு யானையைக் குளிப்பாட்டலாம்" என்றீர்கள். நான் அதே மேடையில் ஒரு மணி நேரம், "வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை" என்று படம் போட்டு விளக்கியிருந்தேன். என் படம் யாருக்கும் ஞாபகம் இல்லை. உங்கள் யானை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. கடைக்காரர் முதல் மாடிப்படி துடைக்கும் அம்மா வரை, "யானை எப்ப வருது?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள்.

நிலைமை இதுதான். பாறையில் சூடு இருக்கிறது, நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே. ஆனால் சூடு தானாக ஏறி வராது, தண்ணீர்தான் அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். தண்ணீர் ஓட சுண்ணாம்புக்கல்லில் வெடிப்போ பொந்தோ இருக்க வேண்டும். எங்கள் துளையில் அப்படி எதுவும் அகப்படவில்லை. முழுக்கட்டியான பாறை. அடுப்பு எரிகிறது, பாத்திரம் இல்லை.

மூன்று மாடி என்கிறீர்கள். அவ்வளவு விழுந்திருந்தால் ராடு முறிந்திருக்கும், கோபுரம் சரிந்திருக்கும், நீங்கள் உயிரோடு இருந்து கடிதம் எழுதியிருக்கமாட்டீர்கள். சேறு குறைந்தது பம்பின் ஒழுகலால் என்று பையன்கள் சொல்கிறார்கள். அத்தனை ராடுகளின் எடையைக் கையில் வைத்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொல்லும் ஆள் பிரேக் பிடிக்கக் கூடாது. அதனால்தான் இறக்கினேன். வேறு யாராக இருந்தாலும் இறக்கியிருப்பேன்.

நீங்கள் மறந்திருக்கலாம். எனக்கு எட்டு வயது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். வாசலில் உட்கார்ந்து, "அப்பா எப்ப மாமா வருவாரு?" என்று கேட்டேன். "நிலாவுக்குக் கதவு கழண்டுபோச்சு, கீல் போடப் போயிருக்காரு. வேலை முடிஞ்சதும் இறங்கிடுவாரு" என்றீர்கள். அவரைப் புதைத்து முடித்த பிறகும் நான் ஜன்னலில் நின்று நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சரியாகிவிட்டதே, ஏன் இறங்கவில்லை என்று. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான் பத்தால் வகுப்பது.

அம்மாவை ஜன்னல் திறக்க விடாதீர்கள்.

உங்கள் அக்கா மகள்


ஜனவரி 24

மகாராணியாரின் சமூகத்துக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கையுறை போட்டுத்தான் கொடுத்தார். அத்தனை குளிர்ச்சி. குளிர்பெட்டியின் மேல் வைத்தேன், பெட்டி வேலையை ராஜினாமா செய்துவிட்டது.

நிலாவுக்குக் கீல் போட்ட கதையை நான் மறக்கவில்லை. வேறு விஷயத்துக்குப் போவோம்.

வீட்டு நிலவரம். சமையலறை ஜன்னலில் இரண்டு காட்சிகள். இடது பக்கம் உன் துளைக்கோபுரம், ஆளில்லாமல், மழையில் மறந்துவிட்ட குடைபோல. வலது பக்கம் பழைய கரிக் கொதிகலன் கூடம், எங்கள் ஐந்து கட்டடங்களுக்கும் வெந்நீர்க் குழாய் அங்கிருந்துதான் வருகிறது. அதன் புகைபோக்கி விடும் புகையில் நேற்று ஒரு காக்கை பறந்துபோனது, மறுபக்கம் வெளியே வந்தபோது முன்னைவிடக் கறுத்திருந்தது. சொந்தப் பிள்ளைகள் அடையாளம் தெரியாமல் துரத்திவிட்டன. உன் அம்மா இருமுகிறாள். இது மட்டும் நான் பெருக்கிச் சொன்னதில்லை. ஜன்னலைத் திறந்தால் புகை, மூடினால் ஈரம். டாக்டர் சொன்னது ஒரே மருந்து: "அந்தக் கரியை நிறுத்தச் சொல்லுங்க." ஏதோ கரி என் சட்டைப்பையில் எரிகிறமாதிரி.

அக்காவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன்.

"அவ என்ன எழுதியிருக்கா?"

"என்னைப் பொய்யன்னு எழுதியிருக்கா."

"புதுசா ஏதாவது எழுதியிருக்காளா?"

"அக்கா, நீயுமா?"

"உன்கூடப் பொறந்து அறுபது வருஷம் ஆச்சு. உப்பு இருக்கான்னு கேட்டா கடலே இருக்குன்னு சொல்ற ஆள் நீ. அவ எதை எடுத்துக்குவா, எதை விடுவா?"

பிறகு இருமினாள். இருமி முடித்து, "மாமனும் மருமகளும் நல்லா எழுதுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் குளிர்ல கிடக்கிறேன்" என்றாள்.

என்னைக் கோபுரத்திலிருந்து இறக்கியது சரி என்கிறாய். வேறு யாராக இருந்தாலும் இறக்கியிருப்பாயாம். நான் வேறு யாரோ அல்ல, அடி பெண்ணே, அதுதான் என் புகார். தனியே கூப்பிட்டு, "மாமா, நெசமாவே என்ன ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பேன். சபையில் வைத்து வகுத்தாய்.

வெங்காயத்தை மட்டும் நான் பத்தால்தான் வகுக்கிறேன். நீளவாக்கில்.

இப்படிக்கு,
மிச்சம் வந்தால் தள்ளிவிட வேண்டியவன்


பிப்ரவரி 3

மாமா,

இந்தக் கடிதத்தை தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

துளையின் சுவரைத் தடவிப் பார்க்கும் அளவுக் கருவியை இறக்கினோம். கடைசிப் பகுதிக்குப் போகும் முன்பே சிக்கிக்கொண்டது, பாதியில் மேலே இழுத்துவிட்டோம். அதாவது நீங்கள் சொல்லும் ஆழத்தை யாருமே பார்க்கவில்லை. நான் உட்பட.

இந்த மாத நடுவில் கமிட்டி கூடுகிறது. துளையைச் சிமெண்டால் மூடிவிட்டு, கரிக் கொதிகலனையே புதுப்பித்துக்கொள்வது என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. வேறு சின்னக் கருவி ஒன்றைத் தருவித்து இன்னொரு முறை இறக்கலாம் என்று கேட்டேன். பெரிய இன்ஜினியர், "எதை நம்பி?" என்றார். பிரேக் பிடித்தவர் தன் கையில் எடை போனதை உணர்ந்ததாக எழுதிக் கொடுத்தால் அனுமதிக்கிறேன் என்கிறார். என் கையெழுத்தோடு போக வேண்டும். தவறாகப் போனால் இந்த வேலையில் எனக்கு அதுதான் கடைசிக் கையெழுத்து.

மூன்று மாடி எனக்கு வேண்டாம். ஒரு சாண் போதும். கட்டிப் பாறையில் ராடு ஒரு சாண் சும்மா இறங்கியதென்றால், அங்கே தண்ணீர் கரைத்த பொந்து இருக்கிறது என்று பொருள். பொந்து தனியாக இருக்காது. அதோடு வெடிப்புகள் சேர்ந்திருக்கும். அமிலம் செலுத்தி அவற்றை அகலப்படுத்தலாம். அந்தக் கட்டடங்களுக்கு வெந்நீர் வரும். கரி நிற்கும்.

ஆகவே கேட்கிறேன். ராடு விழுந்ததா? ஆம் அல்லது இல்லை. யானை வேண்டாம். பாதாளத்துப் பெரியவர் வேண்டாம். எண்கூட வேண்டாம், நீங்கள் எண் சொன்னால் நான் வகுத்துவிடுவேன். ஒரே ஒரு வரி, ஒரு பெரிய மனிதர் எழுதுகிற மாதிரி, வாழ்க்கையில் ஒரு தடவை.

முடியாதென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். உங்களிடம் எதிர்பார்ப்பதை ஒரேயடியாக நிறுத்திக்கொள்கிறேன். எனக்கும் நிம்மதி.

உங்கள் அக்கா மகள்


பிப்ரவரி 8

மருமகளுக்கு,

ராடு விழவில்லை. சேறு பம்பில்தான் ஒழுகியது. நான் சொன்னது பொய்.

மாமா


பிப்ரவரி 16

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டேன்.

பட்டம் இல்லை, பாதாளம் இல்லை, காக்கை இல்லை. நான் பிறந்ததிலிருந்து நீங்கள் சொன்னதில் வகுக்காமல் ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான். இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கேன்டீனில் நான் பேசியது தப்பு. நீங்கள் சிரித்ததைப் பார்த்தேன், மாமா. அது சிரிப்பு இல்லை என்றும் பார்த்தேன்.

கமிட்டியில் எனக்குப் பேச அதிகம் இல்லை. "துளை போட்டவரையே கேட்டுவிட்டேன், எதுவும் விழவில்லை" என்றேன். பெரிய இன்ஜினியர், "உங்க மாமாவா அப்படிச் சொன்னாரு?" என்று ஆச்சரியப்பட்டார். "அவர் மூணு வரியில் எழுதினா அது உண்மைதான் சார்" என்றேன். மூடும் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் சிமெண்ட் இறங்கியிருக்கும்.

வருத்தம்தான். பத்து வருஷத்துக்கு அங்கே இன்னொரு துளையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆனால் தெரியாமல் இருப்பதைவிட இது மேல். அம்மாவுக்கு ஒரு மின்சார ஹீட்டர் அனுப்புகிறேன். அவளை இங்கே வந்துவிடச் சொல்லுங்கள், நான் கேட்டால் மறுக்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. இப்படி எழுதத் தெரிந்தவர், அன்றைக்கு வாசலில், "அப்பா வரமாட்டாரு கண்ணு" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அழுதிருப்பேன், அவ்வளவுதான். நிலாவைப் பார்க்கும்போதெல்லாம் ஏமாந்தவள்போல நிற்க வேண்டியிருந்திருக்காது.

போகட்டும். போனில் உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 23

என் அருமை மருமகளே,

போனில் கூப்பிடவில்லை. என் குரலைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும் என்று எழுதியிருந்தாய். நீ சிரித்துவிட்டால் இதை என்னால் சொல்ல முடியாது.

சிமெண்ட் வண்டிகள் வந்தன. ஆயிரம் வண்டிகள். உலகத்திலுள்ள மொத்தச் சிமெண்டும் இங்கே வந்துவிட்டதால் மற்ற நாடுகளில் எல்லாம் கட்டிக்கொண்டிருந்த வீடுகள் பாதியில் நிற்கின்றன. முதல் வண்டி கொட்டியபோது கீழேயிருந்து அந்தப் பெரியவர், "யோவ், மூடாதீங்கய்யா, இங்க ஆள் இருக்கோம்!" என்று கத்தினார். வண்டியோட்டிகளுக்குக் காதில்லை. நானும் உன் அம்மாவும் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தோம்.

ஆயிரம் இல்லை. நான்கு வண்டி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார்கள். பெரியவர் யாரும் கத்தவில்லை.

அக்காவிடம் உன் கடைசிக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவளுக்குச் சந்தோஷம். "பார்த்தியா, ஒரு தடவை ஒழுங்கா எழுதினே, புள்ள எவ்வளவு அன்பா எழுதியிருக்கா! இதையே முன்னாடி செஞ்சிருக்கக் கூடாதா?" என்றாள். ஹீட்டர் வந்துவிட்டது. அதைப் போட்டால் கட்டடத்தின் பாதி விளக்கு அணைகிறது. (ஒரு விளக்கு. தாழ்வாரத்தில்.)

நீ கேட்ட அந்த ஒரு வரிக்கு நான் முதலில் எழுதியது "ஆம்." ஒரு காகிதத்தின் நடுவில், தனியாக. பார்க்கப் பிச்சைக்காரன் மாதிரி நின்றது. நீ அதைப் பத்தால் வகுத்துப் பெரிய இன்ஜினியர் மேசையில் வைப்பாய், சபை சிரிக்கும் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன். பிறகு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகள் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். நான் எதைச் சொன்னாலும் நீ நம்புவதில்லை. அப்படியென்றால் "விழவில்லை" என்று எழுதினாலும் நம்பமாட்டாய் அல்லவா? கடிதத்தைப் பார்த்ததும், "இந்த ஆள் மறுபடி புளுகுறான்" என்று கோபத்தோடு ரயிலேறி வருவாய். கதவைத் தட்டுவாய். "நெசத்தைச் சொல்லுங்க மாமா" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பாய். அப்போது சொல்லலாம் என்றிருந்தேன். காய் நறுக்கி வைத்திருந்தேன். ரயில் வரும் நேரமெல்லாம் ஜன்னலில் நின்றேன்; சிமெண்ட் வண்டி வந்தபோதுகூட, நீ வந்து தடுப்பாய் என்றுதான் நின்றேன்.

நீ நம்பிவிட்டாய்.

உன் எட்டு வயதில் ஆரம்பித்து நான் சொன்ன எதையும் நம்பாத பெண், இதை நம்பிவிட்டாய். கையெழுத்தும் போட்டுவிட்டாய். உன் கடிதம் என் கைக்கு வந்தபோது கோபுரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் நான் ஓடியதைப் பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்து, "என்ன அண்டப்புளுகரே, யானை வரலியே!" என்றான். "ஏம்ப்பா, இதைத் திரும்பத் தோண்ட முடியுமா?" என்று கேட்டேன். அடுத்த புளுகுக்கு முன்னோட்டம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தான்.

இதை நான் எழுதாமல் இருக்கலாம். எழுதாவிட்டால் நீ "அன்புள்ள மாமா" என்றே எழுதுவாய், என் எண் திறந்தே இருக்கும். இரண்டு நாள் அப்படியே இருந்து பார்த்தேன். நேற்று அக்கா இருமிக்கொண்டே, "பாவம், கீழே ஒண்ணும் இல்லாமப் போச்சே. அவளும் எவ்வளவு கஷ்டப்பட்டா" என்றாள். உன்னைப் பாவம் என்கிறாள். உன் கணக்குத் தப்பு என்று ஊரே நினைக்கிறது. உன் கணக்கு தப்பில்லை.

ஆகவே, எல்லாவற்றையும் தள்ளிவிடு. மூன்று மாடியைத் தள்ளு. நாய்கள் குரைக்கவில்லை, கோபுரம் ஆடவில்லை. சேற்றில் பாதி பம்பில் ஒழுகியதுதான். காக்கை எப்போதும்போல இருக்கிறது. நிலாவுக்குக் கதவே கிடையாது.

ஆனால் அந்தக் கைப்பிடி என் உள்ளங்கையில் கனமில்லாமல் போனது. இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் போகுமே, அந்த மாதிரி. பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ராடில் சாக்கட்டியால் போட்டிருந்த கோடு துளைவாய்த் தட்டுக்குக் கீழே போயிருந்தது. குனிந்து, கையை உள்ளே விட்டு, முழங்கையிலிருந்து விரல்நுனிவரை வைத்துப் பார்த்தேன்.

ஒரு முழம் விழுந்தது, கண்ணு.

இதைப் பத்தால் வகுக்காதே.

மாமா